தாங்கும் வலிமையும் காட்டும் வலிமையும்

சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்வோர், மரக்காணத்தை அணுகியதும் தம்மையறியாமல் சன்னல் பக்கம் திரும்புவர். கட்டங்கட்டமாக வரப்பிட்ட பாத்திகள். அவற்றில் வானத்தின் நிழல். வரப்புகளின்மேல் வரிசை வரிசையாக வெண்ணிறக் குவியல்கள். தை, மாசித் திங்களில் தொடங்கி, ஐப்பசி மழை இறங்கும் வரையில் இங்கே உப்பு விளைகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர்ப் பரப்பில் பரந்து கிடக்கும் இவ்வுப்பளங்களை நம்பிப் பல ஊர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன.

இதே ஊர்களில் மாலை வேளையில் இளைஞர் கபடி ஆடுகின்றனர், கைப்பந்து ஆடுகின்றனர். பொங்கல் விழாவிலும், பங்குத் திருவிழாவிலும், கோப்பைக்கான போட்டிகளிலும் கலந்துகொள்ளத் துடிக்கின்றனர். அண்மைக் காலமாக அவர்களுள் ஒரு புதிய ஆசையும் புகுந்திருக்கிறது. வயிற்றின்மேல் ஆறு கட்டிகளாகத் தசை எழும்பித் தெரிய வேண்டும். 'சிக்ஸ் பேக்' வேண்டும் என்பதே அது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் திரைப்பட நாயகர்கள் சட்டையைக் கழற்றிக் காட்டத் தொடங்கியதிலிருந்து இந்த ஆசை நகரங்களில் பரவியது. இன்று அது கைப்பேசி வழியாகக் கடற்கரைக் குப்பங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த ஆசையைப் பெற்றோர் எவ்வாறு நோக்குவது? உடலைப் பேணுவது வீண்செயல் என்று ஒதுக்குவதா? பிள்ளை எதையோ கேட்கிறான் என்று மாவு டப்பாக்களுக்குப் பணம் கொடுத்துவிடுவதா? இரண்டுமே சரியான வழிகள் அல்ல. வலிமை என்பது ஒன்று. தோற்றம் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவைப் பிள்ளைகளுக்குத் தருவதே முதல் கடமை. அந்தப் பாடத்தைக் கற்பிக்க, உப்பளத்தைக் காட்டிலும் நல்ல பள்ளிக்கூடம் இல்லை எனலாம்.

தலையில் கூடை, முதுகில் நேர்மை

உப்பளத்தில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடிந்த அளவு முடிக்க வேண்டும் என்பதே காரணம். நீண்ட பிடி கொண்ட மரப்பலகையால் ஆண்கள் பாத்தியின் அடியில் படிந்த உப்பை இழுத்து வரப்போரம் சேர்க்கின்றனர். நீர் வடிந்த உப்பைக் கூடைகளில் நிரப்பித் தலைமேல் ஏற்றி, வழுக்கும் வரப்பில் நடந்து, மேட்டில் கொட்டுவது பெரும்பாலும் பெண்களின் வேலை.

அந்தத் தாய்மார் நடப்பதை ஒரு முறை கூர்ந்து பாருங்கள். கழுத்து நிமிர்ந்திருக்கும். தோள் ஆடாது. இடுப்புக்கு மேலே உள்ள உடல் தூண்போல நிற்க, கால்கள் மட்டும் விரைந்து செல்லும். வரப்பில் பாதம் சற்றே வழுக்கினாலும், வயிறும் முதுகும் இறுகிக் கூடையைச் சாயவிடாமல் காத்துவிடும். இவர்கள் எந்த உடற்பயிற்சிக் கூடத்திற்கும் சென்றவர்கள் அல்லர். எந்தக் கண்ணாடியின் முன்னும் நின்று தம் வயிற்றைப் பார்த்தவர்களும் அல்லர்.

தலைச்சுமையின் இந்த நுட்பம் அறிவியலாரையும் வியக்க வைத்ததுண்டு. கென்யா நாட்டின் லுவோ, கிக்குயு இனப் பெண்களைப் பற்றிய ஆய்வொன்று 1986ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையிலான சுமையை, வெறுங்கையோடு நடப்பதைவிடக் கூடுதலான ஆற்றல் எதுவும் செலவழிக்காமல் அவர்கள் சுமந்து நடந்தனர் என்று அது கூறியது. ஆயினும், பின்னர் வந்த ஆய்வுகள் இத்திறன் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்றும், தலைச்சுமை கழுத்து வலியைத் தருகிறது என்றும் எச்சரித்தன. ஆகவே உழைப்பின் திறத்தை வியக்கும்போதே அதன் விலையையும் நாம் மறக்கலாகாது. இதனைப் பின்னர்க் காண்போம்.

நடுவுடல் என்னும் பெட்டி

வலிமையின் இருப்பிடம் எது? உடற்பயிற்சிக் கூடங்களில் 'கோர்' என்கிறார்கள். நாம் நடுவுடல் என்போம். அதனை ஒரு பெட்டியாக எண்ணிப் பார்க்கலாம். மூச்சுவிட உதவும் உதரவிதானம் அதன் மூடி. இடுப்பெலும்பின் அடியில் தொட்டில்போல் அமைந்த தசைகள் அதன் தளம். முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகளும் பெருந்தசைகளும் பின்சுவர். விலாவிலிருந்து சாய்வாக இறங்கும் தசைகள் பக்கச் சுவர்கள். இவற்றுக்கெல்லாம் உள்ளே, அரைக்கச்சை கட்டியதுபோல் வயிற்றைச் சுற்றி ஓடும் குறுக்குத் தசை ஒன்று உண்டு.

இந்தக் குறுக்குத் தசை வெளியே தெரிவதே இல்லை. ஆனால் அதன் வேலையோ பெரிது. 1990களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். நலமான ஒருவர் கையை உயர்த்தும்போது, கைத்தசை இயங்குவதற்கு முன்பே இக்குறுக்குத் தசை இறுகி முதுகெலும்பைக் காக்கிறது. நீண்ட நாள் இடுப்புவலி உடையோரிடம் அந்த இறுக்கம் காலந்தாழ்ந்து வருகிறது. கதவைத் திறப்பதற்கு முன் வீட்டுத்தலைவி விளக்கேற்றி வைப்பதுபோல, உடல் ஒவ்வோர் அசைவுக்கும் முன்னே உள்ளே ஆயத்தம் செய்துகொள்கிறது.

இளைஞர் விரும்பும் ஆறு கட்டிகள் எங்கே இருக்கின்றன? அவை பெட்டியின் முன்சுவர். விலாவின் கீழிருந்து இடுப்பெலும்பின் முன்பகுதி வரை இறங்கும் நீண்ட தசை இது. நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெண்ணிற நார்க்கோடு. குறுக்கே பெரும்பாலும் மூன்று நார்ப்பட்டைகள். இவை பிரிப்பதால் ஆறாகத் தோன்றுகிறது. சிலருக்கு நான்கு; சிலருக்கு எட்டு. சிலருக்கு இடமும் வலமும் ஒத்திராது. இது பிறவியிலேயே அமைந்தது. எத்தனை ஆண்டு பயின்றாலும் நான்கை ஆறாக்க முடியாது. எனவே, அடுத்த வீட்டுப் பையனுக்கு இருப்பதுபோல் எனக்கு இல்லையே என்று வருந்துவது, அவனுடைய மூக்கு எனக்கு இல்லையே என்று வருந்துவதற்கு ஒப்பாகும்.

கபடிக் களத்தில் நடப்பது

நடுவுடலின் வேலையை அறிய விரும்புவோர் கபடி ஆட்டத்தைப் பார்த்தாலே போதும். 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கபடி பதக்க ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது; அதில் இந்தியா தங்கம் வென்றது. 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் மீண்டும் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். அர்ச்சுனா விருதும் பெற்றார். சிற்றூரின் மண்தரையிலிருந்து எழும்பிய வலிமை உலக மேடையை எட்டும் என்பதற்கு அவர் சான்று.

பாடிச் செல்பவர் எதிரணியின் களத்துள் நுழைகிறார். எதிரே எழுவர். அவருக்குக் கிடைப்பது முப்பது வினாடி. மூச்சு விடாமல் 'கபடி, கபடி' என்று சொல்லிக்கொண்டே, உடலைத் தாழ்த்தி, இடமும் வலமும் ஆடி, காலை நீட்டி ஒருவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். அவ்வேளையில் ஒருவர் கணுக்காலைப் பற்றிவிட்டால், முழு உடலையும் முன்னே எறிந்து விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட வேண்டும்.

இங்கே காலின் விசையைக் கைக்குக் கடத்துவது எது? நடுவுடல்தான். சொல் அறாமல் மூச்சை அளந்து வெளியிடுவது எது? அதுவும் நடுவுடல்தான். வயிறு தளர்ந்திருந்தால், காலில் எவ்வளவு வலிமை இருந்தாலும் அது இடுப்பிலேயே கரைந்துவிடும். தளர்ந்த கயிற்றில் கட்டிய வலைபோல் ஆகிவிடும். கைப்பந்தில் துள்ளி அடிப்பவருக்கும், துடுப்பு வலிப்பவருக்கும், கரைவலை இழுப்பவருக்கும் இதே விதிதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. விளையாட்டில் வயிற்றுத் தசையின் முதன்மையான வேலை மடங்குவது அன்று, மடங்காமல் நிற்பது. பிறர் இழுக்கும்போது இழுபடாமல், திருப்பும்போது திரும்பாமல், சுமை சாய்க்கும்போது சாயாமல் இருப்பதே அதன் திறமை. உப்புக்கூடை சுமக்கும் தாயிடம் நாம் கண்டதும் அதுவே. அவர் தம் வயிற்றை மடக்கவில்லை, நிறுத்துகிறார்.

உப்புத் தோன்றும் வகை

அப்படியானால் அந்தத் தசை வெளியே தெரிவது எப்போது? விடையை உப்பளமே சொல்கிறது. ஒரு லிட்டர்க் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீரைப் பாத்தியில் பாய்ச்சி வெயிலில் விடுகின்றனர். நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி ஏறுகிறது. பாமே அளவையில் கடல்நீர் மூன்று பாகையளவில் இருப்பது. அது இருபத்தைந்து பாகையை எட்டும்போதுதான் உப்புப் படிகம் தோன்றத் தொடங்குகிறது. உப்பளத்தில் எவரும் உப்பை உண்டாக்குவதில்லை. மறைத்திருந்த நீரை வெயில் எடுத்துவிட, முன்பே இருந்தது வெளிப்படுகிறது.

வயிற்றுத் தசையும் அப்படியே. அது பிறந்த குழந்தைக்கும் உண்டு. மேலே படிந்த கொழுப்பு அதனை மறைக்கிறது. ஆண்களுக்கு உடல் எடையில் கொழுப்பின் பங்கு ஏறத்தாழப் பத்து, பன்னிரண்டு விழுக்காட்டுக்கு இறங்கும்போதே தசைக்கோடுகள் தெளிவாகத் தெரியத் தொடங்கும்.

'வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்புக் கரையும்' என்னும் நம்பிக்கை பலரிடம் உள்ளது. 1984ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதனைச் சோதித்தது. பதின்மூன்று ஆண்கள் 27 நாள்களில், ஒவ்வொருவரும் 5,004 முறை, படுத்தெழும் பயிற்சியைச் செய்தனர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வயிறு, தோள்பட்டையின் கீழ்ப்பகுதி, புட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்து கொழுப்பணுக்களை எடுத்து அளந்தனர். மூன்று இடங்களிலும் அணுக்கள் ஒரே அளவில்தான் சுருங்கியிருந்தன. வயிற்றுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. உடல் தன் சேமிப்பை எங்கிருந்து எடுப்பது என்பதைத் தானே முடிவு செய்கிறது, நம்மைக் கேட்பதில்லை.

ஆகவே வலிமை பயிற்சியால் வருவது. தோற்றம் பெரும்பாலும் உணவாலும் பிறவி அமைப்பாலும் வருவது. கோடு தெரியாத வயிறு வலிமையற்ற வயிறு அன்று. கோடு தெரியும் வயிறு வலிமை மிக்க வயிறு என்பதற்கும் உறுதி இல்லை. உண்ண உணவின்றி மெலிந்தவர் வயிற்றிலும் கோடு தெரியும் அல்லவா?

வீட்டிலேயே செய்யத்தக்க நான்கு பயிற்சிகள்

வலிமை வேண்டுவோர் என்ன செய்யலாம்? நூற்றுக்கணக்கில் படுத்தெழுவதே வழி என்று முன்பு எண்ணினர். அமெரிக்கத் தரைப்படை 1980ஆம் ஆண்டு முதல் தன் வீரர்களை அவ்வாறே சோதித்து வந்தது. 2022இல் அதனைக் கைவிட்டு, உடலைப் பலகைபோல் நிறுத்தும் சோதனையை ஏற்றுக்கொண்டது. முதுகெலும்பைத் திரும்பத் திரும்ப மடக்குவது வட்டுகளுக்கு ஊறு செய்யக்கூடும் என்பதைக் கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் தம் ஆய்வுகளால் காட்டியவர். அவர் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளோடு, நம் வீட்டுக்கேற்ற ஒன்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

முதலாவது, தலை எழுப்பல். பாயில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி, மற்றதை நீட்டிக்கொள்க. இரு உள்ளங்கைகளையும் இடுப்பின் பின்புறக் குழிவுக்கு அடியில் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து சிறிதளவே உயர்த்துக. எட்டு, பத்து வினாடி நிறுத்தி இறக்குக. கழுத்தை வளைக்கலாகாது.

இரண்டாவது, பக்கப் பலகை. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, இடுப்பை உயர்த்தித் தலைமுதல் கால்வரை நேர்கோடாக நிறுத்துக. தொடக்கத்தில் முழங்கால்களை மடக்கித் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். இருபுறமும் செய்க.

மூன்றாவது, கைகால் நீட்டல். தவழும் குழந்தைபோல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டுக. முதுகில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டு ஆடாமல் நிற்க வேண்டும். பின்னர் மாற்றிச் செய்க.

நான்காவது, வாளி நடை. ஒரு கையில் மட்டும் நீர் நிரம்பிய வாளியைப் பற்றி, உடல் அந்தப் பக்கம் சாயாமல் நிமிர்ந்து முப்பது, நாற்பது அடி நடக்க. பத்து லிட்டர்த் தண்ணீர் பத்துக் கிலோ எடை. திரும்பும்போது கை மாற்றிக்கொள்க. நம் பாட்டிமார் கிணற்றடியிலிருந்து நாள்தோறும் செய்த பயிற்சி இது.

ஒவ்வொன்றையும் ஐந்து, ஆறு முறை. வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள். பதினைந்து நிமிடம் போதும். மூச்சை அடக்கக்கூடாது. நீண்ட நேரம் நிற்பதைவிடச் சரியாக நிற்பதே மேல். எட்டு, பத்து வாரத்தில் களத்தில் வேறுபாடு தெரியும். ஓட்டம், தாவல், கால்வலுப் பயிற்சி ஆகியவற்றை இதனால் விட்டுவிடலாகாது. குடலிறக்கம், முதுகுவலி, இரத்தக் கொதிப்பு உடையோரும், அண்மையில் மகப்பேறு அடைந்த தாய்மாரும் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

உணவும் மாவு டப்பாவும்

விளையாடும் இளைஞருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை என்பர் விளையாட்டு மருத்துவ அறிஞர். இதற்கு ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து மாவு வாங்க வேண்டியதில்லை. கடற்கரை வீட்டுக்கு மீன் தூரமா? நெத்திலியும் மத்தியும் மலிவானவை, புரதம் நிறைந்தவை. முட்டை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பயறு, மோர், கேழ்வரகுக் கூழ் ஆகியவை எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. புரத மாவுகளைத் தவிர்ப்பது நன்று என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிமுறைகளில் அறிவுறுத்தியுள்ளன.

எடை குறைக்க வேண்டியவர் மெல்லக் குறைக்க வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நல்ல அளவு. சர்க்கரை ஊற்றிய குளிர்பானம், எண்ணெயில் பொரித்த தின்பண்டம் இவற்றை விடுவதே பாதிப் பயன் தரும். பட்டினி கிடந்து ஆடுபவர் களத்தில் தோற்பார், காயமும் அடைவார்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆணின் உடலுக்கு உயிர்வாழ இன்றியமையாத கொழுப்பு ஏறத்தாழ மூன்று விழுக்காடு, பெண்ணுக்கோ பன்னிரண்டு. இறைவன் அவ்வுடலைத் தாய்மைக்கென்று அமைத்தார். விளையாடும் பெண் போதிய அளவு உண்ணாவிடில் மாதவிலக்கு நின்றுவிடும், எலும்பு வலுவிழக்கும். இதனைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. மகள் ஓடியாடுவது கண்டு மகிழும் தாய், அவள் தட்டையும் பார்க்க வேண்டும்.

நீரோடு விளையாடலாகாது

இனி மறைக்கக்கூடாத ஆபத்தைச் சொல்ல வேண்டும். திரைப்படத்திலும் உடலழகுப் போட்டியிலும் நாம் காணும் அந்த வயிறு ஆண்டு முழுதும் அப்படி இருப்பதில்லை. படம் எடுக்கும் நாளுக்காக நீரையும் உப்பையும் குறைத்து, சிலர் சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளை உண்டு, தோலுக்கடியிலுள்ள நீரை வற்றச் செய்கின்றனர். உப்பளத்தில் நீர் வற்றினால் உப்பு விளையும்; மனிதனில் நீர் வற்றினால் இதயம் தடுமாறும்.

பிரான்சு நாட்டு உடலழகர் முகமது பெனசீசா 1992ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் ஒரு போட்டியில் வென்ற சில மணி நேரத்தில் இறந்தார். மிகக் குறைந்த கொழுப்புக்குப் பெயர்பெற்ற ஆஸ்திரிய வீரர் ஆண்ட்ரியாஸ் முன்சர், ஊக்க மருந்துகளால் உள்ளுறுப்புகள் செயலிழந்து, 1996ஆம் ஆண்டில் தம் 31ஆம் வயதில் மாண்டார். 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர், எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காக உடல்நீரை வற்றவைத்து, சில வார இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக உயிரிழந்தனர். நம் நாட்டின் வினேஷ் போகத், 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி வரை முன்னேறியும், எடை நூறு கிராம் கூடியதால் விலக்கப்பட்டார். எடையை இறக்க ஓர் இரவு முழுதும் அவர் பட்ட பாட்டை நாடே அறியும்.

தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசிகளும் மாத்திரைகளும் இதயத்தையும் ஈரலையும் கெடுப்பவை. ஆண்மையையும் மகப்பேற்றுத் திறனையும் குறைப்பவை. 'இரண்டே மாதத்தில்' என்று உறுதி கூறி எவரேனும் ஊசி நீட்டினால், அவரிடமிருந்து பிள்ளையை விலக்கிவிடுங்கள்.

வியர்த்து ஆடுவோர் நீரருந்த வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் அதுவே நல்ல பானம். மோரும் நன்று. மற்ற நாள்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழி பொய்யன்று. அளவறியா உப்பும் குப்பைக்கே என்று சேர்த்துக்கொள்ளலாம்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

இங்கே ஒரு வினா எழும். சுமை தூக்குவது நடுவுடலுக்கு வலிமை என்றால், உப்பளத் தொழிலாளர் எல்லாரும் விளையாட்டு வீரர்போல் நலமாக அல்லவா இருக்க வேண்டும்? அப்படி இல்லையே, ஏன்?

பயிற்சியில் உடல் வளர்வது உழைக்கும்போது அன்று. உழைத்தபின் உண்டு உறங்கும்போது. வீரன் இருபது நிமிடம் சுமந்து, ஒரு நாள் ஓய்ந்து, மீண்டும் சுமக்கிறான். உப்பளத் தாய் பல மணி நேரம் சுமந்து, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, மறுநாள் விடியுமுன் மீண்டும் சுமக்கிறார். அவர் வலிமை தேய்வதற்குக் காரணம் சுமை மட்டுமன்று; ஓய்வின்மை.

ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர் பங்கேற்ற ஆய்வொன்று, தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரை 2017 முதல் 2020 வரை சோதித்தது. ஏறத்தாழத் தொண்ணூறு விழுக்காட்டினர் பாதுகாப்பான அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தில் உழைத்தனர். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாமையால் பல பெண்கள் தாகத்தையும் அடக்கிக்கொள்கின்றனர். திரை நாயகன் தோற்றத்துக்காக விரும்பித் தவிர்க்கும் அதே தண்ணீரை, இத்தாய்மார் வேறு வழியின்றித் தவிர்க்கின்றனர்.

ஆகவே, பிள்ளைகளின் பயிற்சியைப் பற்றிப் பேசும் வீட்டில் பெற்றோரின் உழைப்பைப் பற்றியும் பேச வேண்டும். அப்பா இழுத்த பலகையிலும் அம்மா சுமந்த கூடையிலும்தான் மகனுடைய முட்டையும் பாலும் விளைகின்றன. நாற்பது கிலோ எடையைத் தூக்கிப் படம் எடுக்கும் மகன், ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுத் தண்ணீர்க் குடங்களைத் தூக்கினால் என்ன? அது பயிற்சியும் ஆகும்; தாயின் கழுத்துக்கு ஓய்வும் ஆகும். நிழலும் நீரும் கழிப்பறையும் உப்பளத்தில் வேண்டும் என்று கேட்பது பங்கின் இளைஞர் குழுக்களுக்கு ஏற்ற பணி அல்லவா?

ஒறுத்தலும் ஓட்டமும்

திருச்சபை உடலை இகழ்வதில்லை. இறைமகன் உடலெடுத்தே நம்மிடையே வந்தார். தச்சுப் பட்டறையில் உழைத்தார். சிலுவையைத் தோளில் தாங்கினார். நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்து மக்களுக்கு நினைவூட்டினார். அந்நகரின் அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை இஸ்துமிய விளையாட்டுகள் நடைபெற்றன. பந்தயத்தில் ஓடுவோர் வாடிப்போகும் இலைமுடிக்காகத் தம்மை அடக்கிப் பயிலுவதை அவ்வூரார் அறிந்திருந்தனர். வாடா முடிக்காக ஓடும் நாம் அதனினும் மிகுதியாகப் பயில வேண்டாமா என்பதே திருத்தூதரின் வாதம். அவர் வீரனின் பயிற்சியைப் பழிக்கவில்லை. அதன் குறிக்கோளை உயர்த்திக் காட்டினார்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், இளமையில் பந்தாடியவர், மலையேறியவர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 29இல் உரோமை ஒலிம்பிக் அரங்கில் விளையாட்டு வீரரின் யூபிலித் திருப்பலியை நிறைவேற்றினார். 2018 சூன் முதல் நாளில் வத்திக்கான் விளையாட்டைப் பற்றி ஒரு தனி ஏடே வெளியிட்டது. உடலும் உள்ளமும் ஆன்மாவும் ஒன்றாய் வளர்வதே விளையாட்டின் பயன் என்று அது போற்றுகிறது. உடலை வெறும் பொருளாக்கிச் சிதைப்பதையும் ஊக்க மருந்தையும் கண்டிக்கிறது.

தவக்காலத்தில் நாம் உணவைக் குறைக்கிறோம். கண்ணாடிக்காக உணவைக் குறைப்பவரும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒறுத்தலில் மிச்சமான அரிசி ஏழையின் பானைக்குப் போகிறது; மற்றதில் மிச்சமானது எவருக்கும் போவதில்லை. ஒன்று மனிதனைப் பிறர்பால் திருப்புகிறது. மற்றொன்று அவனை அவன் பக்கமே திருப்புகிறது. வயிற்றைக் கட்டுவது யாருக்காக என்ற கேள்வியை ஒவ்வோர் இளைஞனும் தன்னைக் கேட்டுக்கொண்டால், பல குழப்பங்கள் தாமே தெளியும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர். இளைஞரே, சுவரை வலுவாக எழுப்புங்கள். நன்றாக உண்ணுங்கள், நீரருந்துங்கள், உறங்குங்கள். களத்தில் முழு மனத்தோடு ஆடுங்கள். வயிற்றில் கோடுகள் தெரிந்தால் தெரியட்டும், தெரியாவிடினும் குறைவில்லை. நம் ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார். உப்பு உணவில் கரைந்து மறைந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இருக்கிறதா இல்லையா என்பதை நாவு உடனே அறியும். உங்கள் வலிமையும் அவ்வாறே அறியப்படட்டும்: களத்தில் உங்களோடு ஆடுபவர் சாயும்போது தாங்குவதில், வீட்டில் தாயின் தலைச்சுமை இறங்குவதில்.